ஒன்பது கோல், எட்டுப் பிடி

நில அளவைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் கையில் இருக்கும் ரோவர் என்ற கருவியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. இரண்டு மீட்டர் கம்பு, அதன் தலையில் ஒரு வெள்ளைக் குமிழ். வரப்பில் ஊன்றி நிறுத்தினால் வானத்து சாட்டிலைட்டிடம் கேட்டு, நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. நாங்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தோம். அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது ரோவர் இருந்திருந்தால் நான் முதல் ஆளாகச் சங்கிலியைக் குளத்தில் போட்டிருப்பேன்.

ஆனால் உங்கள் ரோவர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பத்திரம் எழுதியவன் என்ன நினைத்து எழுதினான் என்பது அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல் போன ஒரு சமயத்தைத்தான் சொல்லப் போகிறேன். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது நான் செய்த தவறு அது. புதிதில் செய்யும் தவறுகளை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயதில் செய்ததைச் சொல்லத்தான் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்குச் சொற்களின் மேல் ஓர் அரிப்பு உண்டு. தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்காக அரை நாள் உட்கார நேர்ந்தால் மற்றவர்கள் போனை நோண்டுவார்கள். நான் ஒரு சொல்லை நோண்டுவேன். நம் தொழிலில் வரும் நீளச் சொற்கள் எல்லாமே உடம்பிலிருந்து வந்தவை என்று ஒருநாள் கண்டுபிடித்துக் குதூகலப்பட்டேன். முழம் முழங்கையிலிருந்து வந்தது. சாண் விரித்த கை. அடி பாதம். விரற்கடை விரல். கூப்பிடு தூரம்கூடத் தொண்டையிலிருந்து வந்ததுதான். ஒரு மனிதனைக் கிடத்தினால் பாதி அளவு வாய்பாடு முடிந்துவிடும்.

அந்த வாய்பாட்டில் சேராமல் தனியாக நின்றது கோல். கோல் என்றால் வெறும் குச்சி. திறக்கும் குச்சி திறவுகோல், எழுதும் குச்சி எழுதுகோல், நெம்பும் குச்சி நெம்புகோல். அரசன் கையில் இருந்தால் செங்கோல், திருடன் சுவரைத் துளைத்தால் கன்னக்கோல். நிலத்தை அளக்கும் குச்சிக்கு மட்டும் முன்னொட்டு எதுவும் தேவைப்படவில்லை. சும்மா கோல் என்றாலே போதும். வெள்ளைக்காரர்களின் அறுபத்தாறு அடிச் சங்கிலியை நாலாக மடித்தால் வரும் அளவுக்கு அவர்கள் வைத்த பெயரும் குச்சி என்ற அர்த்தம் கொண்ட 'ராட்' தான். கடல் தாண்டியும் நிலத்தை அளக்க ஒரு குச்சியைத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரும் பங்குபோட்டுக்கொள்ளவில்லை.

நம் பக்கத்தில் பன்னிரண்டு அடி ஒரு கோல். நீளமும் அகலமும் ஒரு கோல் இருந்தால் அது ஒரு குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பட்டாவில் ஹெக்டேர் என்று அச்சடித்திருந்தாலும் பாபநாசம் பக்கம் யாரையாவது நிலம் எவ்வளவு என்று கேளுங்கள், "பதினஞ்சு மாங்க" என்றுதான் பதில் வரும். பழைய காலத்தில் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. சில கோயில்களின் அடித்தளக் கல்லில் இரண்டு குறிகளை வெட்டி, இதுதான் இந்த ஊர்க் கோல் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பை எடுத்துக்கொண்டு அவற்றைத் தேடிப் போயிருக்கிறேன். திருவையாற்றுப் பக்கம் ஓர் அர்ச்சகர் நான் குனிந்து சுவரை அளப்பதைப் பார்த்துவிட்டு, "கோயில் நெலத்துல ஏதும் வில்லங்கமாம்மா?" என்று பயந்து ஓடி வந்தார். 

ஆகவே கோலைப் பற்றி என்னை விட அதிகம் தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் கிடையாது என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் அன்று அந்த வயலில் போய் இறங்கினேன்.

பாபநாசத்துக்கு மேற்கே, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் ஒரு வயல். கிழக்கு மேற்காக நீண்டது. ஒரே சர்வே எண், கூட்டுப் பட்டா. இரண்டு தலைமுறைக்கு முன்னால் அண்ணன் தம்பி இரண்டு பேர் பங்கு பிரித்துக்கொண்டதோடு சரி, உட்பிரிவு செய்யவே இல்லை. வடக்குப் பங்கு இப்போது செந்திலிடம் இருந்தது. பன்னிரண்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு ஊரில் வீடு கட்டித் தங்குவது என்று வந்திருந்தார். தெற்குப் பங்கை வெகு நாளைக்கு முன்பே ஆரோக்கியமேரியின் மாமனார் விலைக்கு வாங்கியிருந்தார். கணவர் இறந்த பிறகு ஆரோக்கியமேரிதான் அந்த மூன்று மாவையும் பயிர் செய்தார். போர்வெல் கிடையாது. ஆற்றுத் தண்ணீரை நம்பி நடப்பது.

இரண்டு பங்குக்கும் நடுவே இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது. மேற்கே பெரிய வாய்க்காலில் ஒரே ஒரு குழாய். அதிலிருந்து இந்த வாய்க்கால் வழியாகத்தான் ஆரோக்கியமேரியின் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும். செந்திலுக்குச் சொந்தமாகப் போர் இருந்ததால் வாய்க்கால் அவருக்குத் தேவையில்லை. அந்த இடம் யாருடையது என்பதுதான் கேள்வி. செந்தில் உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தார். நான் போனேன்.

பழைய பாகப் பத்திரம் ஒரே வரியில் முடிந்திருந்தது. தெற்குப் பங்கு ஒன்பது கோல், வடக்குப் பங்கு ஏழு கோல். வாய்க்காலைப் பற்றி மூச்சு இல்லை. ஒன்பது கோல் என்றால் நூற்றெட்டு அடி. தெற்கு வரப்பில் பழைய கல் அசையாமல் இருந்ததால் அங்கிருந்து டேப்பை வடக்கே இழுத்தேன். நூற்றெட்டு அடி வாய்க்காலின் தெற்குக் கரையில் வந்து நின்றது. அத்தோடு அந்தம்மா எல்லை முடிந்தது. வாய்க்கால் வடக்குப் பங்கில் போய்விட்டது.

இங்கேதான் என் தவறு இருக்கிறது, கவனியுங்கள். ஒன்பதும் ஏழும் பதினாறு கோல், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி. ஆனால் ஆபீசில் இருக்கும் அளவு வரைபடமான புலப்படத்தில் வயலின் மொத்த அகலம் ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு மீட்டர், அதாவது நூற்றுத் தொண்ணூற்றாறு அடிக்குச் சற்று மேல். நாலடிக்கு மேல் மிச்சம். யாருக்கும் எழுதாத நாலடி. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பழைய பத்திரம்தானே, முன்னே பின்னே இருக்கும் என்று வடக்கே தள்ளிவிட்டேன். மிச்சத்தை இரண்டு பங்குக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும் என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். அன்று பன்னிரண்டு மணி வெயில், அடுத்த கிராமத்தில் இன்னொரு அளவை காத்திருந்தது, செந்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். காரணங்கள் இவ்வளவுதான். சொல்லும்போதே வெட்கமாக இருக்கிறது.

நாலு முளைக்குச்சிகளை அடித்துவிட்டு வந்தேன். தாசில்தார் உத்தரவு வந்த பிறகுதான் கல் நட வேண்டும் என்று செந்திலிடம் சொன்னேன். அவர் காதில் குச்சி மட்டும்தான் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் ஜேசிபி வைத்து வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்.

ஐந்தாவது நாள் ஆரோக்கியமேரி ஆபீசுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். பையில் ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி எடுத்து வந்திருந்தார். மேசையில் வைத்தார். நுனியெல்லாம் சுருண்டு வைக்கோல் நிறத்தில் இருந்தது.

"சர்வேயரம்மா, இது பதினேழு நாள் நாத்து. வாய்க்காலை மூடி நாலு நாளாச்சு. மேல்காத்து வேற அடிக்குது. பாளம் பாளமா வெடிச்சுப்போச்சு."

"ஏம்மா, நான் மூடச் சொல்லலியே."

"குச்சி நட்டது நீங்கதானே?"

"பத்திரத்துல இருக்கிறதத்தான் அளந்தேன். ஒம்போது கோலு, நூத்தியெட்டு அடி. அதுல நான் என்ன பண்ண முடியும்?"

"எங்க மாமனாரு காலத்துலேருந்து அந்த வாய்க்காலைத் தூரு எடுக்கிறது நாங்கதாங்க. வருஷா வருஷம் அதுல எறங்கி வெட்டுறது நான். எங்களோடது இல்லேன்னா நான் ஏன் வெட்டப் போறேன்?"

அது ஒரு நல்ல கேள்வி. அதைத் தட்டிவிட்டுச் செந்திலிடம் பேசச் சொன்னேன். பேசியாயிற்று என்றார். அடுத்த வருடம் பைப் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னாராம். "நாத்து அடுத்த வருஷம் வரைக்கும் நிக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டு ஆரோக்கியமேரி எழுந்தார். அழவில்லை, கத்தவில்லை. மேசையில் கொட்டிய மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அன்று முழுவதும் எரிச்சல். அவர் மேல் எரிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நாலடி மிச்சம் மண்டைக்குள் நெளிய ஆரம்பித்தது. அண்ணன் தம்பி பங்கு பிரிக்கும்போது நாலடியை அந்தரத்தில் விடுவார்களா? அரை அடி வரப்புக்குக் கோர்ட்டுக்குப் போகிற ஊர் இது. கோல் பன்னிரண்டு அடி இல்லாமல் வேறு அளவாக இருக்குமோ? என் கோயில் சுவர் அளவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. மிச்சம் விழாமல் இருக்கக் கோல் பன்னிரண்டே கால் அடி இருக்க வேண்டும்; அந்த அளவில் எந்தக் கோயில் சுவரிலும் நான் கோல் பார்த்ததில்லை.

மறுநாள் காலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் அந்த ஊருக்குப் போனேன். ஆரோக்கியமேரி வயலுக்குப் போகத் தைரியம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டோரம் இறங்கி, எதிர்ப்பக்க வயலில் நடவு நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போர் வைத்திருப்பவர்கள் அங்கே முன்கூட்டியே நட ஆரம்பித்திருந்தார்கள். நாற்பது மா வயலுக்கு இரண்டு கூட்டமாகப் பெண்கள் இறங்கியிருந்தார்கள். எந்தக் கூட்டம் எதுவரை நடுவது என்று பிரிப்பதற்காக ஒரு பெண் மூங்கில் கோல் ஒன்றை வயலில் புரட்டிக்கொண்டு வந்தார். கலியம்மாள் என்று கூப்பிட்டார்கள். அவர்தான் ஒரு கூட்டத்துக்குத் தலைவி.

கோலைச் சேற்றில் கிடத்துவார். அதன் நுனி முடியும் இடத்தில் இடது கையை இறுக மூடிச் சேற்றில் குத்திக்கொள்வார். வலது கையால் கோலை இழுத்து, குத்திய கைக்கு அந்தப் பக்கம் மறுபடி கிடத்துவார். கை எழும். அடுத்த நுனியில் மறுபடி குத்தும். பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் அழகாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. குத்திய கைக்கு அந்தப் பக்கம் என்றால், கையின் அகலம் கணக்கில் சேரவில்லை.

செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு இறங்கினேன்.

"அக்கா, அந்தக் கோலைக் கொஞ்சம் குடுங்க."

கலியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நட வந்தீங்களாம்மா? பொடவையைத் தூக்கிச் சொருகுங்க முதல்ல."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் புடவையைச் சொருகிக்கொண்டு டேப்பை எடுத்துக் கோலை அளந்தேன். பன்னிரண்டு அடி, நூல் பிசகவில்லை. அவர் நாலு கோல் புரட்டி வைத்த தூரத்தை அளந்தேன். நாற்பத்தெட்டு அடி இருக்க வேண்டும். இருந்தது நாற்பத்தெட்டு அடி பதினோரு அங்குலம். 

"கோலு எல்லையில ஏன் கையக் குத்துறீங்க?"

"குத்தாம? சும்மா வச்சு எடுத்தா அடுத்த நிமிஷம் சேறு மூடிரும். எங்க முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? கை நின்னாத்தான் எடம் நிக்கும்."

"கைக்கு இந்தப் பக்கம் வச்சா என்ன?"

"கை மேலயா கோலை வைக்கிறது?" அவருக்கு என் மூளையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது. "அந்தப் பக்கம்தாம்மா வைக்கணும். எப்பவும் அப்படித்தான்."

"அப்ப அந்தக் கை அகலம் யாரு கணக்கு?"

"யாரு கணக்கும் இல்ல. கோலுக்கு ஒரு பிடி போகும். அதுவும் சேத்துத்தான் கோலு. இங்க எல்லாருக்கும் தெரியுமே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே ஆளுதான் அளக்கணும். அவங்களுக்கு ஒரு கை, எங்களுக்கு ஒரு கைன்னு மாத்தக் கூடாது. எங் கை சின்னது, அந்தக் கூட்டத்துத் தலைவி கை பெருசு. மாத்துனா அங்கதான் சண்டை வரும்."

"வெறும் நெலத்துல, காய்ஞ்சு கெடக்குறப்ப அளந்தா?"

"அப்பவும் பிடி உண்டுங்க. பழக்கம் விடுமா?"

அவர் கையை நீட்டச் சொல்லி அளந்தேன். மூடிய கையின் அகலம் மூன்றே முக்கால் அங்குலம். சேற்றில் நின்றபடியே நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டேன். ஒன்பது கோல் புரட்டினால் நடுவில் எட்டுப் பிடி விழும். எட்டு மூன்றே முக்கால் முப்பது அங்குலம். இரண்டரை அடி. வாய்க்காலின் அகலம், ஒரு விரல் கூடாமல் குறையாமல்.

ஏழு கோலுக்கு ஆறு பிடி, ஏறக்குறைய இரண்டடி. இரண்டு பங்கையும் கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு அடி நாலரை அங்குலம். புலப்படத்து அகலத்துக்கும் அதற்கும் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம். மிச்சம் இல்லை. அந்தரத்தில் இருந்த நாலடியும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு அந்த நிமிஷத்தில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். உடம்பைச் சேராத ஒரே அளவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கோலுக்குள்ளும் ஒரு கை இருந்திருக்கிறது. கல்லில் வெட்டிய இரண்டு குறிகளுக்கு நடுவே அது தெரியாது. கோலைப் புரட்டும்போது மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் சுவராக அளந்தவளுக்கு, ஒருத்தர் கோலைப் புரட்டுவதை நின்று பார்க்கத் தோன்றவே இல்லை. அந்தக் குதூகலம் வரப்பேறும் வரைதான் இருந்தது. ரோட்டைத் தாண்டியதும் ஆரோக்கியமேரி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போவதைப் பார்த்தேன். தெருக் குழாயிலிருந்து சுமந்து வந்து, நாற்றின் மேல் கையால் தெளித்துக்கொண்டிருந்தார்.

தாசில்தாருக்குப் போன் செய்தேன். முதல் அளவு தவறு, மறு அளவு எழுதப் போகிறேன் என்றேன். நல்ல மனிதர். என் மேல் அக்கறையோடுதான் பேசினார்.

"எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. நீங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா விளக்கம் கேட்டு மெமோ வரும். ஆட்சேபணை இருந்தா அந்தம்மா அப்பீல் பண்ணட்டுமே?"

"அப்பீல் முடியுறதுக்குள்ள நாத்து வைக்கோலாயிடும் சார்."

"கை வச்சு அளந்தாங்கன்னு எந்தச் சட்டத்துல எழுதுவீங்க?"

"சட்டத்துல மிச்சத்தை விகிதப்படி பிரிக்கணும்னு இருக்கு. அதை நான் செய்யல. அதைத்தான் தப்புன்னு எழுதப் போறேன். அப்படிப் பிரிச்சாலும் வாய்க்கா அவங்க பக்கம்தான் வருது சார். கை எதுக்குன்னா, செந்திலுக்குப் புரியணும்."

 "எழுதுங்க" என்று மட்டும் அவர் சொன்னார்.

நான் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். விகிதக் கணக்கு ஆபீசுக்குப் போதும். ஆனால் வாய்க்காலைத் திறக்க வேண்டியவர் செந்தில். கோர்ட்டுக்குப் போகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பருவம் முடிந்தது. 

போனேன். வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையது என்று சொன்னதுமே அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேடம், போன வாரம் எங்க எடம்னு நீங்கதான் சொன்னீங்க. ஒரு வாரத்துல பேச்சை மாத்துறீங்க. அவங்க வந்து பார்த்தாங்களோ?"

பார்த்தாங்களோ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடச் சர்வீசில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்று அழுதிருப்பார். ஆனால் நாற்று என் கோபத்துக்குக் காத்திருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்தாங்க. காய்ஞ்ச நாத்தைக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. வேற ஒண்ணும் கொண்டாரல" என்றேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, ஒங்க பங்கு எத்தனை கோலு?"

"ஏழு."

"ஒங்க ஏழு கோலை நீங்களே அளந்துக்குங்க. நான் டேப்பைத் தொடல. வடவரப்புலேருந்து ஆரம்பிங்க."

கலியம்மாளிடம் கோலைக் கேட்டு வாங்கி வந்தேன். கோலோடு அவரும் கூட வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வேறு சிலரும் வந்தார்கள். செந்தில் வேண்டாவெறுப்பாகக் கோலைக் கிடத்தினார்.  கோலின் நுனியில் அவருடைய இடது கை தானாகவே மூடிக்கொண்டு மண்ணில் ஊன்றியது. பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்தவர். அப்பாவோடு நடவுக்குப் போன காலத்தில் பழகிய கை. ஊன்றிய பிறகுதான் நான் ஏன் கூப்பிட்டேன் என்று அவருக்கு விளங்கியது. அப்படியே குந்தியபடி தன் கையைப் பார்த்தார்.

"புரட்டுங்க தம்பி" என்றார் கலியம்மாள்.

புரட்டினார். இரண்டு, மூன்று, நாலு. ஏழாவது கோலின் நுனி, புதுமண் ஆரம்பிக்கும் கோட்டுக்கு நாலு விரல் இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக வந்து நின்றது. பழைய மண் கறுப்பு, வாய்க்காலில் தள்ளிய மண் செம்மண். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய தாத்தாவுக்குக் கொடுத்தது முழுவதும் அவரிடம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால் இருந்தது.

செந்தில் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் வானம் தோண்டிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, "மம்பட்டியை எடுத்துட்டு வாங்கடா" என்றார். ஜேசிபிக்குச் சொல்லி அனுப்பினால் நாளைதான் வரும் என்று யாரோ சொன்னார்கள். அவர் காத்திருக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வெட்டை அவரே வெட்டினார். நான் அடித்த முளைகளை நானே பிடுங்கினேன். ஒன்று மட்டும் வரவில்லை, கலியம்மாள் காலால் ஆட்டிக் கொடுத்தார். மாலைக்குள் குழாய் வாய் வரை திறந்துவிட்டது. தண்ணீர் முறை மறுநாள் காலைதான்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன்: மிச்ச அளவைப் பிரிக்காதது என் தவறு, அவசரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. அது என் பணிப்பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. நம் தொழிலில் கணக்கு உதைத்தால் கேளுங்கள். ஊரில் கோல் புரட்டுகிறவர்களைக் கேளுங்கள், வாய்க்காலைத் தூர் வாருகிறவர்களைக் கேளுங்கள். மிச்சம் விழுந்தால் அதை ஒரு ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள். இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். பாதிதான் அது.

தண்ணீர் வந்து ஒரு வாரம் கழித்து, உத்தரவு நகலைக் கொடுக்க நானே போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில், கொஞ்சம் மிதப்பாகக்கூடப் போனேன். ஆரோக்கியமேரி நாற்றங்காலில் நின்று கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பேப்பரை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகினார். 

"நாத்து எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"தேறினது ரெண்டு மாவுக்கு வரும்."

"மீதி?"

"கருகினது கருகினதுதானே சர்வேயரம்மா. வெலைக்கு நாத்து தேடிப் பார்த்தேன், எங்கயும் இல்ல." குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பதில் சொல்வதுபோல் சொன்னார். "ஒரு மா சும்மா கெடக்கட்டும். சம்பாவுக்குப் பார்த்துக்கலாம்."

 மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டை எண்ணப் போய்விட்டார்.

அந்தக் குறுவை முழுவதும் தினமும் பஸ்ஸில் அந்த வயலைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போனேன். இரண்டு மா பச்சை கட்டி, கதிர் வாங்கி, பழுத்தது. கிழக்குக் கடைசியில் ஒரு மா மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது. ஓய்வுபெறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை எனக்கு நிறைய இருந்தது. ஆனாலும் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் நான் அந்தப் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன்.